'சாரி' சொல்லப் பழகுவோம்: புதிதாக ஆங்கிலம் பேசுவோருக்கு

அப்பா காலமாகிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்கிறீர்கள். எதிரே இருப்பவர் உடனே 'ஐ ஆம் சோ சாரி' என்கிறார். ஆங்கிலம் புதிதாகப் பழகுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் 'இட்ஸ் ஓகே, இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட்' என்று பதில் சொல்லிவிடுவார்கள். 'சாரி' சொன்னவருக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடாது. அவர் மன்னிப்புக் கேட்கவே இல்லை. துக்கம் விசாரித்தார், அவ்வளவுதான்.

தமிழ்ப் பேச்சில் 'சாரி' குடியேறி நெடுநாள் ஆகிறது. ஆங்கிலமே தெரியாதவர்களும் யார் காலையாவது மிதித்துவிட்டால் 'சாரிங்க' என்கிறார்கள். ஆனால் தமிழுக்குள் வந்தபோது அந்தச் சொல்லில் பாதிதான் வந்தது. மன்னிப்பு வந்தது, துக்கம், இரக்கம், மறுப்பு, 'என்ன சொன்னீங்க?' என்ற கேள்வி எல்லாம் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன. அதனால் இதை நமக்குத் தெரிந்த சொல்தானே என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசப் போனால் இடறுகிறது. கடினமான சொற்களை அகராதி பார்த்துச் சரிசெய்துகொள்கிறோம். தெரிந்த சொல்லை யாரும் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 'சாரி' என்ற சொல் தன்னளவில் 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்றுதான் சொல்கிறது. 'தப்பு என்னுடையது' என்பது அதில் இல்லை. தப்பு யாருடையது என்பதை, 'சாரி'க்குப் பின்னால் என்ன வருகிறது என்பதும் எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதும்தான் முடிவு செய்கின்றன. ஆகவே பழக வேண்டியது அந்தப் பின்பகுதியைத்தான்.

வலியில் பிறந்த சொல்

பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் புண், வலி. அதோடு 'இக்' என்ற விகுதி சேர்ந்து 'சாரிக்' ஆயிற்று: வலியுள்ள, துயருற்ற என்று பொருள். அந்த 'இக்' பின்னாளில் தேய்ந்து வெறும் 'இ' ஆனது. 'ஹங்ரி', 'பிளடி' போன்ற சொற்களின் கடைசியில் கேட்பதும் அதே விகுதிதான். அடிச்சொல்லான 'சார்' தனி வழியில் போய் 'சோர்' ஆனது. பழைய 'ஸ்டான்' இன்றைய 'ஸ்டோன்' ஆனதும், 'ஹாம்' 'ஹோம்' ஆனதும் இதே ஒலிமாற்றத்தால்தான். தொண்டை வலியை 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'சோர்' 'சாரி'க்கு உடன்பிறப்பு. ஜெர்மன் மொழியில் 'மிகவும்' என்பதற்குச் சொல்லும் 'ஸேர்' கூட இதே வேரில் வந்தது; ஒரு காலத்தில் 'வலிக்கும் அளவுக்கு' என்று பொருள்பட்டு, பின்பு வெறும் 'ரொம்ப' ஆகிவிட்டது.

பலரும் நினைப்பதுபோல் 'சாரோ' என்ற துயரச் சொல்லிலிருந்து 'சாரி' வரவில்லை. 'சாரோ'வின் வேர் வேறு; அதன் ஜெர்மன் உறவு 'ஸோர்கே', அதாவது கவலை. இரண்டும் ஒலியிலும் பொருளிலும் நெருங்கி இருந்ததால் காலப்போக்கில் ஒன்றின் எழுத்தும் சாயலும் மற்றொன்றில் ஒட்டிக்கொண்டன.

ஆக, பல நூற்றாண்டுகளுக்கு 'சாரி' என்றால் முதன்மையாகத் துயரம்தான். பரிதாபமான, ஒன்றுக்கும் உதவாத என்ற பொருளும் இடைக்கால ஆங்கிலத்திலேயே சேர்ந்துவிட்டது. 'ஐ ஆம்' என்பதை உதிர்த்துவிட்டுத் தனியாக 'சாரி!' என்று சொல்லி நகர்ந்துபோகும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் தெரியவருகிறது. இன்று நாம் அதிகம் பயன்படுத்துவது எதுவோ அதுதான் இந்தச் சொல்லின் கடைசிப் பிள்ளை. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் இழவு வீட்டுச் சடங்குகளுக்கு 'சாரி பிசினஸ்' என்றே பெயர். மன்னிப்புக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் படி: ஒலியும் தொனியும்

உச்சரிப்பில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் பேச்சில் முதல் உயிர் குறில். உதடு லேசாகக் குவியும், 'ஹாட்', 'டாக்' என்பவற்றில் வரும் அதே ஒலி. அமெரிக்கர்களிடம் அது 'ஆ'வுக்கு நெருங்கிவிடும், அதனால் அவர்கள் வாயில் 'சாரி'யும் நாம் உடுத்தும் சேலையின் ஆங்கிலப் பெயரும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். கனடாவில் பலர் 'சோரி' என்பார்கள். தமிழர் சொல்லும் 'சாரி' எல்லா இடத்திலும் புரியும்.

தொனி தவறினால்தான் ஆள் குழம்புவார். குரல் இறங்கினால் வருத்தம். குரல் ஏறினால் 'என்ன சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள்'. யார் மீதோ இடித்துவிட்டு, பதற்றத்தில் குரலை மேலே தூக்கி 'சாரி?' என்றால், அவர் ஏதோ சொன்னதாகவும் அது உங்கள் காதில் விழவில்லை என்றும் பொருள்படும். தட்டையாக இழுத்து 'சாஆஆரி' என்றால் கிண்டல். 'பெரிய தப்புத்தான் பண்ணிட்டேன் போ' என்பதற்குச் சமம். குரலை இறக்கி, சுருக்கமாக, ஒரு முறை. மிதித்த காலுக்கு அது போதும்.

இரண்டாம் படி: சொல்லின் வகையை அறிந்துகொள்வது

'சாரி' பெயர்ச்சொல்லும் அல்ல, வினைச்சொல்லும் அல்ல. 'ஹாப்பி', 'சாட்', 'டயர்ட்' போல ஒரு நிலையைச் சொல்லும் உரிச்சொல். 'ஐ டயர்ட்' என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அதேபோல் 'ஐ சாரி' என்பதும் கிடையாது. 'ஐ ஆம் சாரி', 'ஷி இஸ் சாரி', 'தே வேர் சாரி' என்று நடுவில் துணைவினை வேண்டும். பேச்சில் 'ஐ ஆம்' சுருங்கி 'ஐம்' ஆகும், அல்லது முழுதாகவே விழுந்துபோகும். 'ஐ' மட்டும் தனியாக நிற்காது.

தமிழ் நம்மைத் தவறவைக்கும் இடங்கள் இதில் மூன்று.

நாம் மன்னிப்பைக் 'கேட்கிறோம்'. அதனால் 'ஹி ஆஸ்க்ட் சாரி' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சாரியைக் கேட்க முடியாது, சொல்லத்தான் முடியும்: 'ஹி செட் சாரி'. கேட்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு சொல் இருக்கிறது, 'ஹி ஆஸ்க்ட் ஃபார் ஃபர்கிவ்னஸ்'. ஆனால் அது கனமான பேச்சு. தேநீரைக் கொட்டியதற்கெல்லாம் வராது.

அடுத்தது 'சொல்லு'. தமிழில் ஒரே வினை. ஆங்கிலத்தில் 'சே', 'டெல்' என இரண்டு. 'டெல் சாரி டு ஹிம்', 'டெல் ஹிம் சாரி' இரண்டும் தவறு. 'சே சாரி டு ஹிம்' என்பதே சரி. 'டெல்' வேண்டுமானால் முழு வாக்கியமாக்க வேண்டும்: 'டெல் ஹிம் யூ ஆர் சாரி'.

மூன்றாவது, யாரிடம் என்பது. 'உங்களிடம் வருந்துகிறேன்' என்பதை அப்படியே எடுத்து 'ஐ ஆம் சாரி டு யூ' என்பார்கள். எதிரில் நிற்பவரிடம் பேசும்போது 'டு யூ' தேவையே இல்லை. 'சே' என்ற வினை இருந்தால் மட்டும் 'டு' வரும்.

அழுத்திச் சொல்ல 'சோ சாரி', 'வெரி சாரி', 'ரியலி சாரி' மூன்றும் எங்கும் பொருந்தும். 'டெரிப்ளி சாரி', 'ஆஃபுலி சாரி' என்பவற்றில் பிரிட்டிஷ் வாடை. 'டீப்ளி சாரி' எழுத்துக்கும் பெரிய துயரத்துக்கும் உரியது. 'மச் சாரி' இல்லை.

மூன்றாம் படி: 'சாரி'க்குப் பின்னால் எது?

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். மற்றதெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும்.

'ஃபார்' வந்தால், அதற்குப் பின் வருவது பொருளா, செயலா, ஆளா என்று பாருங்கள். செய்த செயல் வந்தால் மன்னிப்பு: 'சாரி ஃபார் ஷவுட்டிங்', 'சாரி ஃபார் த டிலே'. வினை வந்தால் 'இங்' கட்டாயம். 'சாரி ஃபார் டிஸ்டர்ப்' என்பது முறிந்த வாக்கியம். 'சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ' என்று முடிக்க வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு 'சாரி ஃபார் லேட்'. 'லேட்' உரிச்சொல், 'ஃபார்' அதன் முன்னால் நிற்காது. 'சாரி ஃபார் பீயிங் லேட்' சரி. அதைவிட இயல்பானது 'சாரி ஐ ஆம் லேட்'. ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் கதவைத் திறந்ததும் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசி வடிவம்தான்.

அதே 'ஃபார்' ஒரு ஆளுக்கு முன்னால் வந்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'ஐ ஆம் சாரி ஃபார் ஹிம்', 'ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்' என்பவை மன்னிப்பு அல்ல, இரக்கம்: 'அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.' நல்லெண்ணத்தோடு சொன்னாலும் மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை அதில் இருக்கும். நண்பர் வேலையை இழந்துவிட்டார் என்றால் அவர் முகத்துக்கு நேரே 'ஐ ஃபீல் சாரி ஃபார் யூ' என்று சொல்லாதீர்கள். கோபத்தில் சொல்லும் வசையாகக்கூட அது பயன்படுகிறது: 'உன்னை நினைத்தால் பரிதாபம்தான் வருகிறது.' நண்பரிடம் சொல்ல வேண்டியது 'ஐ ஆம் சாரி அபவுட் யுவர் ஜாப்' அல்லது 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட்'.

'அபவுட்' நிலைமையைக் காட்டும். தப்பு உங்களுடையதாகவும் இருக்கலாம், யாருடையதாகவும் இல்லாமலும் இருக்கலாம். 'சாரி அபவுட் த நாய்ஸ்' என்று சத்தம் போட்டவரும் சொல்லலாம், பக்கத்து அறைக்காரர் போடும் சத்தத்துக்காக விடுதிக்காரரும் சொல்லலாம். எது போடுவது என்று சந்தேகம் வந்தால் 'அபவுட்' போட்டுவிடுங்கள். சின்ன விஷயங்களில் அது சறுக்குவது அரிது.

'டு' வந்தால் காலத்தைக் கவனியுங்கள். இப்போது செய்துகொண்டிருப்பதற்கோ செய்யப்போவதற்கோ 'சாரி டு டிஸ்டர்ப் யூ'. கதவைத் தட்டும்போது இது. வேலை முடிந்து கிளம்பும்போது 'சாரி டு ஹாவ் டிஸ்டர்ப்ட் யூ' அல்லது 'சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ'. காக்கவைத்துவிட்டு உள்ளே நுழைகிறவர் 'சாரி டு ஹாவ் கெப்ட் யூ வெயிட்டிங்' என்பார். 'சாரி டு கீப் யூ வெயிட்டிங்' என்றால் இன்னும் காக்கவைக்கிறார் என்று பொருள். 'சாரி டு ஹியர்', 'சாரி டு சே' இரண்டும் உறைந்துபோன தொடர்கள், அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

முழு வாக்கியம் வந்தால் எந்த ஒட்டும் வேண்டாம். 'சாரி ஐ டிட் நாட் கால்', 'சாரி ஐ ஃபர்காட் யுவர் புக்'. புதியவர்களுக்கு இதுதான் மிகப் பாதுகாப்பான வழி, ஏனென்றால் இதில் 'ஐ' என்று தொடங்கிச் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். முன்னிடைச்சொல் தவறும் வாய்ப்பும் கிடையாது.

'இஃப்' வந்தால் உஷார். 'சாரி இஃப் ஐ ஹர்ட் யூ' என்பதில் 'உனக்கு வலித்ததா என்பதே எனக்குச் சந்தேகம்' என்ற நெடி இருக்கிறது. உண்மையிலேயே தெரியாதபோது சொல்லலாம். எதிரில் இருப்பவர் அழுதுகொண்டிருக்கும்போது சொல்லக் கூடாது. இதைவிட மோசமானது 'ஐ ஆம் சாரி யூ ஃபீல் தட் வே'. இலக்கணம் சுத்தம், ஆனால் குற்றம் முழுவதும் கேட்பவர் உணர்ச்சியின் மீது போய்விழுகிறது. சண்டையை மூட்ட இதைவிட மரியாதையான வாக்கியம் ஆங்கிலத்தில் குறைவு.

'பட்' வந்தால் அது மறுப்பு. 'ஐ ஆம் சாரி, பட் வி ஆர் க்ளோஸ்ட்.' இங்கே வருத்தம் வெறும் மெத்தை. செய்தி 'பட்'டுக்குப் பின்னால் இருக்கிறது. மறுக்கும்போது இது நல்ல பழக்கம்தான். மன்னிப்புக் கேட்கும்போது அதே 'பட்' வந்தால், அதற்கு முன் சொன்ன அத்தனையும் அழிந்துவிடும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'சாரி' வந்தால் அந்தப் பழைய 'பரிதாபமான' பொருள்: 'அ சாரி ஸ்டேட்', 'அ சாரி சைட்'. அறை அலங்கோலமாகக் கிடப்பதைச் சொல்லலாம். 'அ சாரி மேன்' என்றால் வருந்துகிற மனிதன் இல்லை, உருப்படாத மனிதன். வருந்துகிறவனைச் சொல்ல 'த மேன் இஸ் சாரி' என்று பின்னால் வைக்க வேண்டும்.

இந்தப் பின்பகுதிகளில் எவ்வளவு கனம் தொங்குகிறது என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 2001 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் தென்சீனக் கடலுக்கு மேலே மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதி பெறாமல் ஹைனான் தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரும் பிடித்துவைக்கப்பட்டார்கள். சீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னது, அமெரிக்கா முடியாது என்றது. பதினொன்றாம் தேதி அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் 'வெரி சாரி' இரண்டு முறை வந்தது. ஒன்று, விமானியின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்காக. மற்றொன்று, வாய்மொழி அனுமதியின்றி சீன வான்வெளிக்குள் நுழைந்து தரையிறங்க நேர்ந்ததற்காக. மோதியதற்காக ஒரு சாரியும் இல்லை. அமெரிக்கா 'இது மன்னிப்பு அல்ல' என்றது. சீன மொழி வடிவத்தில் ஆழ்ந்த மன்னிப்பு என்று பொருள்படும் தொடர் நின்றது. விமானத்தில் வந்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். எதற்காகச் சாரி என்று எண்ணி எண்ணி எழுதிய கடிதம் அது.

நான்காம் படி: அக்கம்பக்கத்துச் சொற்கள்

எந்த இடத்தில் 'எக்ஸ்க்யூஸ் மீ', எந்த இடத்தில் 'சாரி'? தொந்தரவு கொடுப்பதற்கு முன் 'எக்ஸ்க்யூஸ் மீ', கொடுத்த பின் 'சாரி'. கூட்டத்தில் வழி கேட்கும்போதும், தெரியாதவரைக் கூப்பிடும்போதும் 'எக்ஸ்க்யூஸ் மீ'. நகரும்போது அவர் மீது இடித்துவிட்டால் 'சாரி'. தும்மலுக்கும் ஏப்பத்துக்கும் 'எக்ஸ்க்யூஸ் மீ'. பிரிட்டனில் இந்த எல்லை அவ்வளவு கறாராக இருக்காது. வழி கேட்கவும், பேச்சில் குறுக்கிடவும், ஏன், தன்னை இடித்தவரிடமும் 'சாரி' சொல்வார்கள். பேசும்போது நாக்குப் பிறழ்ந்து திருத்திக்கொள்ளவும் இதுவே உதவும்: 'ஆன் டியூஸ்டே, சாரி, வெட்னஸ்டே.'

'அப்பாலஜைஸ்' வேறு ரகம். அது வினைச்சொல்: 'ஐ அப்பாலஜைஸ்'. 'ஐ ஆம் அப்பாலஜைஸ்' தவறு. யாரிடம் என்பதற்கு 'டு', எதற்கு என்பதற்கு 'ஃபார்': 'ஐ அப்பாலஜைஸ்ட் டு ஹர் ஃபார் த மிஸ்டேக்.' வேடிக்கை என்னவென்றால், இதன் கிரேக்க மூலமான 'அப்பொலோகியா' என்பதற்குப் பொருள் தற்காப்பு வாதம். கி.மு. 399இல் சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதை அந்தப் பெயரால்தான் குறிக்கிறார்கள். அவர் அங்கே யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. தற்காப்பில் தொடங்கிய சொல் இன்று பொறுப்பை ஏற்கும் சொல்லாகிவிட்டது. 'சாரி' மனத்தைச் சொல்கிறது, 'அப்பாலஜைஸ்' ஒரு செயலைச் செய்கிறது. ஆகவே துக்க வீட்டில் 'ஐ அப்பாலஜைஸ் ஃபார் யுவர் லாஸ்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாவுக்கு நீங்கள்தான் காரணம் என்றாகிவிடும்.

ஐந்தாம் படி: பதில் சொல்வது

சின்னத் தவறுக்கு யாராவது சாரி சொன்னால் 'தட்ஸ் ஆல் ரைட்', 'நோ ப்ராப்ளம்', 'டோன்ட் வொர்ரி அபவுட் இட்'. 'வெல்கம்' சொல்லக் கூடாது, அது நன்றிக்கு. 'டோன்ட் மென்ஷன் இட்' என்பதும் நன்றிக்கான பதில்தான்.

பெரிய தவறு, உங்கள் மனம் இன்னும் ஆறவில்லை என்றால் 'இட்ஸ் ஓகே' என்று பொய் சொல்லத் தேவையில்லை. 'தேங்க் யூ ஃபார் சேயிங் தட்' போதும். மன்னிப்பு வந்து சேர்ந்தது என்று அதில் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று இல்லை.

துக்கம் விசாரிப்பவருக்குப் பதில் 'தேங்க் யூ' மட்டும்தான். முதல் பத்தியில் வந்த ஆள் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். நீங்கள் விசாரிக்கும் இடத்தில் இருந்தால் 'ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்', அல்லது இறந்தவரைக் குறிப்பிட்டு 'ஐ ஆம் சோ சாரி அபவுட் யுவர் ஃபாதர்'. இங்கே 'அபவுட்' என்பதை 'ஃபார்' ஆக்கினால், அப்பாவைப் பார்த்துப் பரிதாபப்படுவதாக ஆகிவிடும்.

ஆறாம் படி: எழுத்தில் மன்னிப்பு

அலுவலகக் கடிதங்களில் நாம் அதிகம் காணும் வாக்கியம் 'சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்'. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் உயிரும் இல்லை. யார் செய்தது, என்ன நடந்தது, யாருக்கு என்ன சிரமம், ஒன்றும் அதில் தெரியாது. நின்றுபோன மின்தூக்கியில் ஒட்டும் அறிவிப்புக்கு அது போதும். ஒரு மனிதருக்கு எழுதும்போது போதாது.

2016இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்துச் சோதித்தார்கள்: வருத்தம், நடந்ததன் விளக்கம், பொறுப்பேற்பு, இனி செய்யேன் என்பது, ஈடுசெய்தல், மன்னிக்கும்படி வேண்டுதல். கேட்பவர் மனத்தில் அதிகம் எடுபட்டது பொறுப்பேற்பு, அதற்கடுத்து ஈடுசெய்தல். கடைசியில் நின்றது 'மன்னித்துவிடுங்கள்' என்ற வேண்டுதல். நம் வழக்கம் நேர்மாறு. வேண்டுதலைத்தான் இரண்டு மூன்று முறை எழுதுகிறோம், 'கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மீ' என்று.

அறிக்கையை இரண்டு நாள் தாமதமாக அனுப்பியவர் எழுத வேண்டிய கடிதம் இவ்வளவுதான்:

'ஐ ஆம் சாரி ஐ சென்ட் த ரிப்போர்ட் டூ டேஸ் லேட். ஐ மிஸ்ரெட் த டெட்லைன். ஐ நோ யூ ஹேட் டு மூவ் யுவர் மீட்டிங் பிகாஸ் ஆஃப் இட். த ரிப்போர்ட் இஸ் அட்டாச்ட், அண்ட் ஐ வில் சென்ட் த நெக்ஸ்ட் ஒன் பை தர்ஸ்டே.'

முதல் வாக்கியத்தில் 'ஐ' இரண்டு முறை வருகிறது. 'த ரிப்போர்ட் வாஸ் டிலேட்' என்று செயப்பாட்டுவினையில் எழுதியிருந்தால் அறிக்கை தானாகவே தாமதமானதுபோல் இருக்கும். இரண்டாவது விளக்கம், ஒரே வரி. அது மூன்று வரியாக நீண்டால் சாக்காக மாறும். மூன்றாவதில் எதிராளியின் சிரமம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. பெரும்பாலான கடிதங்களில் விடுபடுவது இந்த வரிதான். நான்காவதில் பரிகாரமும் நாளும் இருக்கின்றன. 'சாரி' மொத்தம் ஒரு முறை. கடைசியில் 'சாரி அகெய்ன்' சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள்.

சாரி சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு, குறிப்பாக விபத்துகளிலும் மருத்துவமனைகளிலும். இந்த அச்சத்தைப் போக்கவே சில இடங்களில் சட்டம் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986லேயே இதற்கு வழிசெய்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. கனடாவின் ஒன்டாரியோ 2009இல் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது; ஹாங்காங்கில் அப்படியொரு சட்டம் 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எல்லா நாட்டிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை, விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். விபத்து நடந்த இடத்தில் 'ஆர் யூ ஆல் ரைட்? ஐ ஆம் சோ சாரி திஸ் ஹாப்பண்ட்' என்பதில் மனிதத்தன்மை இருக்கிறது, பொறுப்பைப் பற்றிய பேச்சு இல்லை. 'சாரி, ஐ வாஸ் நாட் லுக்கிங்' என்பது வேறு வகை.

சில நேரம் மக்கள் காத்திருப்பதே இந்த ஒரு சொல்லுக்காகத்தான். ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்ததற்காக 1999இல் நாடாளுமன்றம் 'ரிக்ரெட்' என்று தீர்மானம் போட்டது. அது போதாது என்றார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் 'சாரி' என்ற சொல்லைச் சொன்னார். அகராதியில் இரண்டும் வருத்தம்தான். ஆனால் 'ரிக்ரெட்' எட்டி நின்று சொல்வது. செய்தவர் வாயில் 'சாரி' வரும்போது பொறுப்பும் கூடவே வருகிறது.

கடைசியாக, அளவு

புதிதாகப் பேசுகிறவர்கள் தயக்கத்தில் எல்லாவற்றுக்கும் சாரி போட்டுவிடுவார்கள். கேள்வி கேட்பதற்கு, தன் உச்சரிப்புக்கு, 'சாரி ஃபார் மை பேட் இங்க்லிஷ்' என்று ஆங்கிலத்துக்கே. இந்தக் கடைசி ஒன்றை இன்றே விட்டுவிடலாம். கேட்பவர் அதுவரை கவனிக்காத பிழைகளையும் தேடத் தொடங்குவார். காக்கவைத்ததற்குப் பல இடங்களில் 'தேங்க் யூ ஃபார் வெயிட்டிங்' பொருந்தும். சந்தேகம் கேட்க 'கேன் ஐ ஆஸ்க் சம்திங்?' போதும். புரியவில்லை என்றால் 'குட் யூ சே தட் அகெய்ன்?'

கடிதத்தை அனுப்பும் முன் அதில் எத்தனை 'சாரி' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் செய்த தவறோடு ஒட்டியிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம். எதனோடும் ஒட்டாமல் தனியாக நிற்பது இருந்தால் அதை முதலில் அடியுங்கள்.